துட்டன்காமுனின் பொன்முகம்: நெற்றியில் இரு தேவியர்

தங்கம், நிறக் கண்ணாடி, மணிக்கற்கள். உயரம் 54 செ.மீ.; எடை சுமார் 10 கிலோ. அரசர்களின் பள்ளத்தாக்கு, எகிப்து. கி.மு. 14ஆம் நூற்றாண்டு.

நெற்றியைப் பாருங்கள். வளைந்த அலகுடன் இருக்கும் பாறு கழுகின் தலை, தென் எகிப்தைக் காக்கும் நெக்பெத். அதனருகே படமெடுத்து நிற்கும் நாகம், வட எகிப்தின் வாட்ஜெத். நாட்டின் இரு பாதிகளையும் ஆண்ட மன்னனுக்கு, இறந்த பின்னும் இவ்விரு தேவியரே காவல்.

கண்கள் வெண்படிகத்தாலும் கருமணிகள் எரிமலைக் கண்ணாடியாலும் ஆனவை. கண்ணோரங்களில் மெல்லிய சிவப்பு தீட்டி, உயிருள்ள பார்வையைக் கொண்டுவந்திருக்கிறார் கைவினைஞர். புருவமும் கண்மையும் நீல நிற லாபிஸ் கல்.

தங்க முகமூடி பெரும்பாலும் அரசர்களுக்கே உரியதாக இருந்தது. மற்றவர்கள் துணியைப் பல அடுக்காக ஒட்டிச் சுண்ணம் பூசிய முகமூடிகளைச் செய்துகொண்டார்கள். பிற்காலத்தில் அவற்றில் ஐசிஸ், நெப்திஸ் என்னும் தேவியர் வரையப்பட்டார்கள். கொலையுண்ட கடவுள் ஒசைரிஸுக்காக அழுத இந்தச் சகோதரிகள், இறந்த ஒவ்வொருவருக்காகவும் அழுது காப்பார்கள் என்பது நம்பிக்கை.

தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் குழு 1925இல் சவப்பெட்டியைத் திறந்தபோது, இம்முகமூடி மன்னனின் உடல்மீதே இருந்தது. முகத்தைப் பார்த்ததோடு நகர்ந்துவிடாதீர்கள். முதுகுப்புறத்தில் மந்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. வலக்கண் சூரியனின் இரவுப் படகு, இடக்கண் பகல் படகு என்கிறது அது.