நினைவோடு வாழ்தல்

கொழும்பு மாநகரின் வடகிழக்கு எல்லையிலுள்ள ஒருகொடவத்தைச் சந்தியைக் காலை வேளையிற் கடந்தவர்கள் ஒன்றை அறிவர். பேஸ்லைன் வீதியில் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நெருக்கியடித்துச் செல்லும். துறைமுகச் சரக்கை ஏற்றிய கொள்கலன் லொறிகள் நிலம் அதிர வரும். அங்கே பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு வீதியைக் கடக்கும் தாயின் உள்ளம் நேற்றைய சச்சரவை நினைப்பதில்லை. நாளைய கடனை எண்ணுவதுமில்லை. கண், செவி, கை, கால் அனைத்தும் அந்த ஒரு கணத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றன. ஆனால், மறுபுறத்தை அடைந்ததும் அவ்வொருமை கலைந்துவிடுகின்றது. உடல் வீட்டை நோக்கி நடக்க, உள்ளம் எங்கோ அலைகின்றது.

இவ்வாறு அலையும் உள்ளத்தால் நாம் இழப்பது என்ன? என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஒருநாள் மாலை என் மகள் என்னருகே வந்து ஏதோ சொன்னாள். கைத்தொலைபேசியிற் கண் பதித்திருந்த நான், “ஓம் பிள்ளை, ஓம்” என்றேன். மறுநாட் காலை அவள் அழுதுகொண்டு நின்றாள். அயல்வீட்டுத் தோழியின் குடும்பம் அன்று விடியற்காலையில் வேற்றூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தோழியை வழியனுப்புவதற்குத் தன்னை எழுப்பிவிட வேண்டும் என்பதே அவள் என்னிடம் கேட்டது. “நீங்கள் ஓம் என்றுதானே சொன்னீர்கள், அப்பா?” என்றாள். நான் பொய் சொல்ல எண்ணவில்லை. ஆயினும், அவள் பேசியபோது நான் அங்கே இருக்கவுமில்லை.

இஃது என் ஒருவனது குறையன்று. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக உளவியலறிஞர்களான மத்தியூ கிலிங்ஸ்வேர்த், டானியல் கில்பேர்ட் ஆகிய இருவரும் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2,250 பேரிடம், அவர்கள் அக்கணத்தில் என்ன செய்கின்றனர், மனம் எங்கே இருக்கின்றது, எவ்வளவு மகிழ்ச்சியோடிருக்கின்றனர் என்று கைத்தொலைபேசி வழியாகப் பலமுறை வினவினர். ஏறக்குறைய 47 விழுக்காடு வேளைகளில் மனம் செய்யும் செயலை விட்டு விலகியிருந்தது. அவ்வேளைகளில் மகிழ்ச்சி குறைந்தே காணப்பட்டது. இன்பமான எண்ணங்களில் உலவியவர்கூட, செயலில் ஒன்றியிருந்தவரைவிட மகிழ்ச்சி மிக்கவராக இல்லை.

இதற்குரிய மருந்து நம் நாட்டிற்குப் புதியதன்று. பாளி மொழியிலுள்ள ஸதிபட்டான சூத்திரம், நடத்தல், நிற்றல், உண்ணல், பருகல் முதலான அன்றாடச் செயல்களையும் பயிற்சிக் களமாகக் காட்டுகின்றது. ஜேர்மனியிற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர் அதனை விளக்கி எழுதிய ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளியாயிற்று. 1979இல் ஜோன் கபட்-சின் என்பவர் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட நோயால் வருந்துவோருக்கு இம்முறையைச் சமயச் சார்பின்றிப் பயிற்றத் தொடங்கினார்.

‘ஸதி’ என்னும் பாளிச் சொல்லுக்கு நினைவு, மறவாமை என்பது பொருள். மறவாமையைப் பற்றித் தமிழரும் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை என்பதாகும். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி, அளவு கடந்த சினத்தினும் தீயது என்றே வள்ளுவர் அவ்வதிகாரத்தைத் தொடங்குகிறார். தன்னை மறந்து களிப்பது வேறு. நினைவோடு மகிழ்வது வேறு என்பது இதனாற் புலனாகும்.

பயிற்சி எங்ஙனம்? காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது வேறொன்றும் செய்யாதிருங்கள். கோப்பையின் சூடு, தேநீரின் மணம், முதல் மிடற்றின் சுவை ஆகியவற்றை உணருங்கள். சில விநாடிகளில் மனம் ஓடிவிடும். ஓடுவது குற்றமன்று. ஓடிவிட்டதென்பதை அறிந்து, தன்னைத் தான் கடிந்துகொள்ளாது, மீண்டும் கோப்பைக்குக் கொண்டுவருவதே பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறையும் கொண்டுவருதல் வேண்டும். உடற்பயிற்சியால் தசை வலுப்பெறுவது போல, இவ்வாறு மீட்டு மீட்டே உள்ளம் வலுப்பெறும்.

இவ்வலிமை சினம் எழும்போது உதவும். மூச்சு விரைவதையும் தாடை இறுகுவதையும் அறிந்தவன், சுடுசொல் வாயினின்று புறப்படுமுன் சற்று நிற்க இயலும். குணம் திருந்துவது அந்தச் சிறு இடைவெளியிலன்றோ!

இப்பயிற்சி நமது ஊதியத்தை உயர்த்தாது. களனி கங்கையின் வெள்ளத்தைத் தடுக்காது. கடும் மனச்சோர்வுற்றோர் வைத்தியரை நாடுதலே முறை. எனினும், நம் கையில் ஏற்கெனவே உள்ள இன்பங்கள் நாம் அறியாமலே கழிந்துபோகாதவாறு இது காக்கும்.

இப்பொழுதெல்லாம் மகள் பேச வரும்போது நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன். சில நாட்களில் மறந்துவிடுகிறேன். “அப்பா, கேட்கிறீர்களா?” என்று அவளே நினைவூட்டுகிறாள்.

நேயர்களே, இன்று மாலை உங்கள் வீட்டிலும் எவரேனும் ஏதோ சொல்ல உங்களிடம் வருவார். அப்பொழுது, பிள்ளையோடு வீதியைக் கடக்கும் அந்தத் தாயைப் போல, முழு மனத்தோடு அங்கே இருங்கள்.