மரத்தடியில் காளான் முளைச்சிருக்கா? உஷார்!

சென்னை: ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, இஸ்திரி வண்டி, செருப்பு தைப்பவர்... இவங்க எல்லோருக்கும் கூரை ஒரு மரம்தான். அந்த மரத்தின் அடியில் கட்டை மாதிரி கெட்டியான காளான் எட்டிப்பார்த்தால், அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை வண்டியை வேற இடத்துல நிறுத்துவது நல்லது.

செம்பழுப்பு நிறம், வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு, அடிப்பக்கம் வெள்ளை. தட்டு போல மரத்தோடு ஒட்டி வளரும். பெயர் கேனோடெர்மா. தூங்குமூஞ்சி, குல்மொகர் போன்ற நிழல் மரங்களைத் தாக்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை தென்னந்தோப்புகளை அழித்த 'தஞ்சாவூர் வாடல்' நோயும் இதே இனக் காளானின் கைவரிசைதான்.

வெளியே பச்சை, உள்ளே பஞ்சு!

இந்தக் காளான் வேரையும் அடிமரத்தையும் உள்ளுக்குள்ளேயே அரித்து பஞ்சு போல ஆக்கிவிடும். மேலே இலை பச்சைப்பசேல் என்றிருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். வேர் அழுகிய மரத்துக்கு அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை. ஒரு நாள் மழை, கொஞ்சம் காற்று போதும்.

காளானைப் பிய்த்துப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அது வெறும் காய் மாதிரி. கொடி மரத்துக்குள்ளே இருக்கிறது. முற்றிப்போன மரத்தைக் காப்பாற்ற மருந்தும் கிடையாது.

வராமல் தடுக்கலாம். கேபிளுக்கும் கால்வாய்க்கும் பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டுகிறார்களே, அந்தக் காயம் வழியாகத்தான் காளான் நுழைகிறது. மரத்தைச் சுற்றி 3 அடிக்காவது சிமெண்டு போடாமல் மண்ணை விட வேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, அடியில் குப்பை கொளுத்தக்கூடாது. டீக்கடை அண்ணன்கள் கோபிக்க வேண்டாம், சுடுதண்ணியை வேரில் ஊற்றுவதையும் நிறுத்துங்க. வீட்டு மரம் என்றால் வேப்பம்புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா கலந்து வேர்ப்பகுதியில் போடலாம். இது நோய் வராமல் தடுக்கத்தான் உதவும்.

சந்தேகம் வந்தால் சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். ரோட்டு மரத்தை நீங்களே வெட்டக்கூடாது, அனுமதி வேண்டும். மரத்தை அகற்றினால் அடிக்கட்டையையும் வேரையும் சேர்த்தே தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். அதை அப்படியே விட்டால் மண்ணுக்குள் காத்திருக்கும் காளான், அடுத்து நடும் கன்றையும் பிடித்துக்கொள்ளும்.