கண்டி நகரத்துக் காட்டில் ஒரு பெருங்கொடி

நகரத்துக்குள் உண்மையான காடு இருக்குமா, அல்லது பூங்காவைத்தான் அப்படிச் சொல்கிறார்களா என்று சாய்ந்தமருதிலிருந்து ஒரு மாணவி கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறது மகள். கண்டிக்குப் போகும் நம்மூரார் பலர் வாவிக்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால் உடவத்தகெலே, ஏறத்தாழ 104 ஹெக்டயர் காடு. மன்னர் காலத்தில் குடிகள் உள்ளே போகத் தடை இருந்தது. 1856இல் வன ஒதுக்கானது, 1938இல் சரணாலயமானது. சிங்கராஜவைப் போன்ற தாழ்நில மழைக்காடு என்று சொல்ல முடியாது; ஆனாலும் ஈரவலயத்துப் பசுமைமாறாக் காடுதான். மழை நாளில் அட்டைக்கடி நிச்சயம்.

குரங்கையும் பறவையையும் விட என்னை அங்கே நிறுத்திவைப்பது ஒரு கொடி. சிங்களத்தில் புஸ்வெல். கரைவலை வடத்தை முறுக்கி மரத்துக்கு மரம் எறிந்துவிட்டது போலத் தொங்கும். காட்டுத் தரையில் வெயில் விழுவது மிகக் குறைவு. மரம் அடிமரத்தைக் கட்டிக் கட்டி மெல்ல உயர்கிறது. இந்தக் கொடியோ பற்றுக்கம்பியால் பக்கத்து மரத்தைப் பிடித்து உச்சிக்கு ஏறி இலையை விரிக்கிறது. தண்டு பிறகு ஆறுதலாகத் தடிக்கும்.

இது அவரைக் குடும்பம் என்றால் நம்ப மாட்டீர்கள். காய் ஒரு மீற்றருக்கும் நீளும். முற்றினால் விதைக்கொரு துண்டாக உடைந்து விழும், ஓரச்சட்டம் மட்டும் கொடியில் நிற்கும். விதை தட்டையான வட்டம், ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர்; கடும் கபிலம், எண்ணெய் தடவியது போல மினுக்கம். உள்ளே இரு பருப்புக்கும் நடுவில் காற்றறை இருப்பதால் மிதக்கும். ஓடையில் விழுந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், உப்புநீரில் நெடுநாள் கிடந்தாலும் முளைத்திறன் போகாது. இதன் அமெரிக்க உறவுக்கொடியின் விதைகள் அத்திலாந்திக்கைக் கடந்து நோர்வேயில் ஒதுங்கின; அங்கே பிரசவ வலி இலகுவாகும் என்று பெண்களின் கையில் கொடுத்தார்கள். உடவத்தகெலே அருகால் ஓடும் மகாவலியும் நம் கிழக்குக் கடலில்தான் விழுகிறது. ஆனால் இன்று அதன் வழியில் பொல்கொல்லை, விக்டோரியா என்று அணைகள்.

இப்படியொரு கொடியைச் சுமக்க முதிர்ந்த மரங்கள் வேண்டும். அங்கேதான் கவலை. வெளியிலிருந்து வந்த பெரு பால்சம் மரம் இறக்கை விதைகளைக் காற்றில் பரப்பி, கன்றுகளால் தரையை மூடுகிறது. நாட்டு மரக்கன்றுக்கு இடமில்லை. மரம் நிறைய நின்றால் காடு செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். எந்த மரம் என்று கேட்பதில்லை. ஊரிலும் வட்டைக்குள் மண் போட்டு நிரப்பிவிட்டு, ஓரத்தில் நாலு அலங்காரக் கன்று நட்டுப் படம் எடுக்கிறோம். அந்த வட்டை குடித்த மாரி வெள்ளம் இப்போது வீட்டுக்குள் வருகிறது.

போனால் காலையிலேயே போங்கள். குரங்குக்குத் தீன் போடாதீர்கள், பொலித்தீன் பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புஸ்வெல் விதை கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள், பிறகு கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தோல் தேய்ந்து உள்ளே நீர் புகுந்தால்தான் அது முளைக்கும்; அதற்கு அந்த ஈரத்தரை வேண்டும்.