தாலாட்டு விசில்: வாங்கும் முன்பும் ஊதும் முன்பும்

ஆறே துளைகள், மலிவு விலை, கற்றுக்கொள்வதும் எளிது. குழந்தையைத் தூங்கவைக்க டின் விசில் வாங்கும் பெற்றோருக்கு இந்த மூன்றும் போதும். 1843-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் வெள்ளீயம் பூசிய தகட்டில் செய்து விற்கத் தொடங்கிய இந்தக் குழல், பின்னர் அயர்லாந்து இசையின் அடையாளமானது. ‘டி’ சுருதி விசிலின் துளைகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரி அதன் ஜன்ய ராகம்தான். ஆகவே நம் வீட்டுத் தூளிக்கும் இது பொருந்தும். ஆனால், ஊதும் விதத்திலும் வாங்கும் பொருளிலும் கவனம் வேண்டும்.

காதுக்கு எது கெடுதல்?

இந்த விசிலில் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் விரல் வைப்பு ஏறக்குறைய ஒன்றே. மூச்சை அழுத்தி ஊதினால் சுரம் மேலே தாவிவிடும். கீழ் ஸ்தாயி சுமார் 587 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மேல் ஸ்தாயியோ 2,300 ஹெர்ட்ஸையும் தாண்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான். கைக்குழந்தையின் காதுக்குழாய் சிறியது என்பதால், கீச்சொலி அதற்குள் இன்னும் உரக்க ஒலிக்கும்.

எனவே தூளிக்கு மேல் குனிந்து ஊதாதீர்கள். இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார்ந்து, கீழ் ஸ்தாயியிலேயே மெல்ல வாசியுங்கள். ஊதுவாய்க்குக் கீழே உள்ள சிறு திறப்பின் ஒரு ஓரத்தை மெல்லிய டேப்பால் மறைத்தால் சத்தம் குறையும். ‘லோ டி’ விசில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால் இதமாக இருக்கும். ஆனால் அதன் துளைகள் அகன்று இருப்பதால் விரல் பழக நாளாகும்.

இப்படிச் சில நிமிடங்கள் வாசிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அதைப் பதிவுசெய்து, செல்போனைத் தலையணைக்கு அருகே வைத்து இரவு முழுவதும் ஓடவிடுவதுதான் தவறு. குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு.

வாய்க்கு எது ஆபத்து?

பழைய விசில்கள் பலவற்றின் ஊதுவாய் அடைப்பு ஈயத்தால் ஆனது. ஈயத்தில் ‘இந்த அளவு வரை பாதுகாப்பு’ என்று எதுவும் கிடையாது. பழம்பொருள் கடையில் வாங்கிய விசிலின் வாய்ப்பகுதிக்குள் மங்கிய சாம்பல் நிற உலோகம் தெரிந்தால், அலங்காரப் பொருளாகக்கூடக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். குழந்தை அதைக் கடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்கள்.

புதிய விசில்களில் ஊதுவாய் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது குழலிலிருந்து கழன்று வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். விசிலை வாயில் வைத்தபடி குழந்தையை ஓடவிடாதீர்கள். தடுக்கி விழுந்தால் குழல் அண்ணத்தைக் கிழித்துவிடும்.

சட்டம் என்ன தருகிறது?

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் தயாரிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொம்மை விசில் என்று விற்றால் முத்திரை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான இசைக்கருவி என்று விற்றால் இந்த ஆணை பொருந்தாது; அந்த விசிலைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் அது உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். முத்திரை இல்லாத பொம்மை குறித்தும் அதிலேயே புகார் செய்யலாம்.

இணையத்தில் வாங்கியிருந்தால், அந்த வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் பலனில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. குறையுள்ள பொருளால் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். பில், அட்டைப்பெட்டி, புகைப்படம், மருத்துவச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் செவித்திறன் பரிசோதனை இலவசம். குறை இருந்தால், சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அந்த அளவுக்குக் குழந்தையின் பேச்சு வளரும்.