பெறை காய்கிறது, சத்தமில்லாமல் வாருங்கள்!

சாமியானாவுக்கு இந்தப் பக்கம் குனிந்து நுழையுங்கள். கோவை விழா மேடையின் முன்னால் நாற்காலிகள், பொன்னாடை, மைக் டெஸ்டிங். பின்னால் ஒரே புகை! அட்டப்பாடியிலிருந்து வந்த இருளர் குழு, பெறை என்னும் தோல் கொட்டைக் காய்ச்ச, சுள்ளியும் சருகும் போட்டுத் தீ மூட்டியிருக்கிறது. "ஏனுங்க, துணி பத்திக்கப் போகுதுங்க!" என்று பந்தல்காரர் பதறுகிறார். "தோலு காயாம பெறை பேசாதுண்ணா" என்கிறான் ஒரு பையன். தணலில் காட்டித் தட்டுகிறான்: தொப். மறுபடி காட்டித் தட்டுகிறான்: டண்! எனக்குச் சிலிர்த்தது, அவனோ அதற்குள் தவிலுக்குப் போய்விட்டான்.

மூலையில் துணிப்பைக் குவியல். கொகல் என்னும் குழல் ஒரு துண்டுக்குள், ஜால்ரா ஒரு டிபன் பாக்ஸுக்குள்! வாய் நிறைய ஊக்கைக் கவ்வியபடி ஓர் அக்கா அடுத்தவளுக்குச் சேலை கட்டிவிடுகிறார். திட்டுகிறாரா பாடுகிறாரா, பிடிபடவில்லை.

இருளர் பாடகி நஞ்சியம்மா பேச்சை எடுத்தேனோ இல்லையோ, எல்லா முகத்திலும் வெளிச்சம். ஆடுமாடு மேய்த்தபடியே பாடி வளர்ந்தவர், 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தான் கட்டிய பாட்டைப் பாடி, 2022இல் தேசிய விருது வாங்கினார். கொடுத்தவர் சந்தால் பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்களே? "மாட்டுக்கிட்ட கேளு, சுதி சொல்லும்" என்கிறார் குழுவில் வெற்றிலை மெல்லும் ஒரு பாட்டி. கூட்டமே குலுங்கிச் சிரிக்கிறது.

அதே பாட்டிதான் அடுத்த நொடி சாவு வீட்டுப் பாட்டுக்குத் தாவுகிறார். ஊரில் ஒருவர் போய்விட்டால் இரவு முழுக்கக் கொட்டும் ஆட்டமும்தானாம். அழாதே என்று யாரும் சொல்வதில்லை. அழுதுகொண்டே ஆடலாம், ஆடிக்கொண்டே போனவரோடு பேசலாம். "புருசன் போனப்ப நானும் விடிய விடிய ஆடுனேன். காலையில கஞ்சி இறங்குச்சு" என்றார். இதைவிட நல்ல மருத்துவக் குறிப்பை நான் கேட்டதில்லை.

"உங்களுக்குப் பத்து நிமிஷம்!" அமைப்பாளர் தலையை நீட்டினார். "பத்து நிமிசத்துல காலே சூடாகாதே" என்று முனகிக்கொண்டே ஏறினார்கள்.

இறங்கும்போது வியர்வை ஆறாய் ஓடுகிறது, ஆனால் கொட்டு நிற்கவில்லை. மேடையில் சினிமா நடனம் தொடங்கிவிட்டது. பின்னால் இவர்கள் வட்டம் கட்டி ஆடுகிறார்கள். நிறுத்தச் சொல்லிக் கைகூப்பி ஓடிவந்தார் அமைப்பாளர். பாட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.