பூச்சீட்டு திரைக்கு வந்தபோது

ஜப்பானில் ஹனாஃபுடா என்று அழைக்கப்படும் பூச்சீட்டுக் கட்டில் 48 சீட்டுகள். எந்தச் சீட்டிலும் எண் கிடையாது. ராஜா, ராணி, ஜாக்கியும் கிடையாது. ஆண்டின் 12 மாதங்களுக்கும் மாதத்துக்கு நான்காகச் சீட்டுகள் பிரிக்கப்பட்டிருக்கும். அந்த மாதத்துக்குரிய பூவோ செடியோ மரமோதான் அடையாளம். பூவைப் பார்த்து மாதத்தைச் சொல்லத் தெரியாதவருக்கு ஆட்டத்தின் முதல் படியே புரியாது. கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் வந்த பிறகுதான் இந்தச் சீட்டாட்டம் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் வெளியே பரவலாகக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கு முக்கியமான காரணம் இதுவே.

சீட்டு விளையாட்டு ஜப்பானுக்குள் நுழைந்தது 16-ஆம் நூற்றாண்டில், போர்த்துகீசிய மாலுமிகளின் வழியாக. அவர்கள் வைத்திருந்த கட்டில் நான்கு இனங்கள், இனத்துக்கு 12 சீட்டுகள், மொத்தம் 48. ஜப்பானியர் அதைப் பார்த்துத் தாங்களே கட்டுகளைச் செய்யத் தொடங்கினர். பணம் வைத்து ஆடுவது பெருகியது. அப்போது ஜப்பானை ஆண்ட தோகுகவா ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள். ஒரு வகைக் கட்டுக்குத் தடை வந்தால் வேறு படங்களுடன் இன்னொரு கட்டு முளைத்தது. அதற்கும் தடை வந்தால் மற்றொன்று. எண்களை மறைத்துப் பூக்களை வரைந்த கட்டு இந்தக் கண்ணாமூச்சியின் ஊடே உருவாகி நிலைத்தது. நான்கை மூன்று மடங்காகவும் பன்னிரண்டை மூன்றில் ஒன்றாகவும் ஆக்கி, 12 இனங்களும் இனத்துக்கு 4 சீட்டுகளுமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்களே தவிர, மொத்தம் அதே 48-தான்.

தோகுகவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1886-இல் ஹனாஃபுடா விற்பனையை அனுமதித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1889-இல், கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் கையால் செய்த பூச்சீட்டுகளை விற்க ஒரு கடை திறந்தார். அந்தக் கடைதான் இன்றைய நிண்டெண்டோ. 1902-இல் சீட்டுகளுக்கு அரசு வரி விதித்தபோது தொழிலை விட்டவர்கள் பலர், நிண்டெண்டோ தாக்குப்பிடித்தது. நிறுவனரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமாவுச்சி 1949-இல் பொறுப்பேற்ற பிறகு நிறுவனம் பிளாஸ்டிக் சீட்டு, டிஸ்னி படம் போட்ட சீட்டு, பொம்மை என்று நகர்ந்து, 1983-இல் ஃபாமிகாம் வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. பூச்சீட்டு அச்சிட்டுப் பிழைத்த நிறுவனமே பிற்பாடு அதை மின்னணு விளையாட்டாகவும் வெளியிட்டது. காகிதக் கட்டை அது இன்றும் விற்கிறது. மாரியோ பாத்திரங்கள் பதித்த ஒரு வகையும் உண்டு.

ஹனாஃபுடா என்பது கட்டின் பெயர். அந்தக் கட்டைக் கொண்டு பல ஆட்டங்கள் ஆடலாம். திரையில் அதிகம் காணப்படுவது இருவர் ஆடும் ‘கோய்-கோய்’. அது புரிய வேண்டுமானால் சீட்டுகளைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும்.

ஜனவரிக்குப் பைன் மரம், பிப்ரவரிக்குப் பிளம், மார்ச்சுக்குச் செர்ரி, ஏப்ரலுக்கு விஸ்டீரியா, மே மாதத்துக்கு ஐரிஸ், ஜூனுக்குப் பியோனி, ஜூலைக்கு ஹாகி எனும் புதர்ச்செடி, ஆகஸ்டுக்கு நாணல் போன்ற சுசுகிப் புல், செப்டம்பருக்குச் சாமந்தி, அக்டோபருக்கு மேப்பிள், நவம்பருக்கு வில்லோ, டிசம்பருக்குப் பவுலோனியா. எல்லாச் சீட்டுக்கும் மதிப்பு ஒன்றல்ல. பைன் மரத்தடிக் கொக்கு, செர்ரிப் பூக்களுக்குக் கீழே கட்டிய திரை, புல்வெளிக்கு மேல் முழுநிலா, வில்லோவின் கீழ் குடை பிடித்த மனிதர், பவுலோனியா மேல் பீனிக்ஸ் பறவை ஆகிய ஐந்தும் ‘ஒளிச் சீட்டுகள்’, கட்டிலேயே உயர்ந்தவை. குயில், காட்டுப்பன்றி, மான், வண்ணத்துப்பூச்சி, சாகே கிண்ணம் போன்றவை வரும் ஒன்பது சீட்டுகள் அடுத்த நிலை. சிவப்பு அல்லது நீல நாடா தொங்கும் சீட்டுகள் பத்து. மீதி 24-உம் வெறும் செடி கொடிகள். ஆட்டக்காரர்கள் அவற்றைக் ‘கசு’ என்பார்கள், கழிவு என்று பொருள்.

நவம்பர் மாதச் சீட்டில் குடையுடன் நிற்பவர் 10-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற எழுத்தோவியர் ஓனோ நோ மிச்சிகாசே. காலடியில் ஒரு தவளை. எட்டாத வில்லோக் கிளைக்கு அது விடாமல் தாவித் தாவி முயன்றதைப் பார்த்துத்தான் அவர் மனம் தளராமல் எழுத்துக் கலையில் ஊன்றினார் என்பது ஜப்பானியப் பிள்ளைகள் அறிந்த கதை. ஒளிச் சீட்டாக இருந்தும், மழை பெய்யும் இந்தச் சீட்டுக்கு மட்டும் ஆட்டத்தில் மவுசு குறைவு. மற்ற நான்கு ஒளிகளும் சேர்ந்தால் 8 புள்ளி; நான்கில் ஒன்று மழைக்காரராக இருந்துவிட்டால் 7.

ஆடும் முறை எளிது. ஆளுக்கு எட்டுச் சீட்டு, தரையில் திறந்தபடி எட்டு, மீதி 24 கவிழ்த்த கட்டு. தன் முறை வரும்போது கையிலிருந்து ஒன்றை இறக்க வேண்டும். அதே மாதச் சீட்டு தரையில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இறக்கிய சீட்டு தரையிலேயே கிடக்கும். பிறகு கட்டிலிருந்து ஒன்றைப் புரட்டி அதற்கும் ஜோடி பார்க்க வேண்டும். இப்படிச் சேர்ந்த சீட்டுகளில் குறிப்பிட்ட கூட்டணி அமைந்தால் புள்ளி. காட்டுப்பன்றி, மான், வண்ணத்துப்பூச்சி மூன்றும் சேர்ந்தால் 5. நீல நாடா மூன்றும் சேர்ந்தால் 5. கழிவுச் சீட்டுகளேகூடப் பத்து சேர்ந்தால் 1 புள்ளி தரும். ரம்மி ஆடுபவருக்கு இது பழக்கமான வேலைதான். ஆனால் ரம்மியில் கைக்குள் ஒளித்துச் சேர்ப்பதை, இங்கே எதிராளி கண்முன்னே சேர்க்க வேண்டியிருக்கிறது.

கூட்டணி அமைந்த நொடியில்தான் ஆட்டத்தின் உயிர்நாடியான கேள்வி எழுகிறது. புள்ளியை வாங்கிக்கொண்டு அந்தச் சுற்றை முடித்துவிடலாம். அல்லது ‘கோய்-கோய்’, அதாவது ‘வா, வா’ என்று அறைகூவி இன்னும் பெரிய கூட்டணிக்காகத் தொடரலாம். தொடர்ந்த பிறகு எதிராளி முந்திக்கொண்டால், கையில் இருந்த புள்ளி போய்விடும். பல விதிமுறைகளில் எதிராளிக்கு இரட்டிப்பும் கிடைக்கும். 5 புள்ளியோடு நிற்பவர் ஆசைப்பட்டுத் தொடர, எதிராளி பத்துக் கழிவுச் சீட்டை வைத்து 2 புள்ளி தட்டிச் செல்வது அடிக்கடி நடக்கும் கூத்து. ஒரு முழு ஆட்டம் என்பது மாதத்துக்கு ஒன்றாக 12 சுற்று. அவசரக்காரர்கள் மூன்றோடும் ஆறோடும் நிறுத்திக்கொள்வார்கள்.

1980-களில் ஜப்பானிய கேம் கூடங்களில் மாஜாங் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே ஹனாஃபுடா இயந்திரங்களும் இருந்தன. வீட்டுக் கணினிகளுக்கும் அப்போதே நிரல்கள் எழுதப்பட்டன. ஆனால் அவை ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கானவை. வெளிநாட்டாருக்குக் கதவு திறந்தவற்றில் முக்கியமானது நிண்டெண்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்கு 2005-இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வந்த பல்சுவை விளையாட்டுத் தொகுப்பு. சதுரங்கம், லூடோ, டாமினோ ஆகியவற்றோடு கோய்-கோயும் அதில் இடம்பெற்றது. அதன் வாரிசாக ‘கிளப்ஹவுஸ் கேம்ஸ்: 51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்’ 2020 ஜூன் மாதம் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது, உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். செகா நிறுவனத்தின் ‘யாகுசா’ தொடரின் பல பாகங்களில் கதாநாயகன் அடிதடிக்கு நடுவே சூதாட்டக் கூடத்துக்குள் போய்க் கோய்-கோய் ஆடலாம். இவை தவிர, கைப்பேசிக்கான இலவசச் செயலிகள் ஏராளம்.

இந்த ஆட்டத்தை அதிகம் பேரின் கண்ணில் பட வைத்தவற்றுள் ஒரு திரைப்படமும் உண்டு. மாமோரு ஹோசோதா இயக்கி 2009-இல் வெளியான ‘சம்மர் வார்ஸ்’ அனிமேஷன் படத்தில், உலக மக்கள் அன்றாட வேலைகளுக்கெல்லாம் நம்பியிருக்கும் ‘ஓஸ்’ என்ற இணைய உலகைச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று கைப்பற்றிக்கொள்கிறது. அதை நாயகி நட்சுகி எதிர்கொள்வது கோய்-கோய் ஆட்டத்தில். பந்தயமாக வைக்கப்படுவது மனிதர்களின் இணையக் கணக்குகள். பாட்டி வீட்டில் உறவினரோடு உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தையே இயந்திரத்தோடு மோதும் களமாக்கியது கெட்டிக்காரத்தனமான கதையமைப்பு.

காகிதக் கட்டில் ஆட்டக்காரர் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைத் திரை தானே எடுத்துக்கொள்கிறது. கட்டைக் கலைத்துப் பங்கிடுவது, தரையில் ஒரே மாதத்தின் நான்கு சீட்டும் விழுந்துவிட்டால் மறுபடி கலைப்பது, புள்ளி கூட்டுவது எல்லாம் நிரலின் பொறுப்பு. கையிலுள்ள சீட்டைத் தொட்டதும் தரையில் அதற்குரிய ஜோடி ஒளிரும். பல செயலிகள் சீட்டின் மூலையில் மாத எண்ணையும் அச்சிட்டுவிடுகின்றன. எந்தக் கூட்டணிக்கு இன்னும் எத்தனை சீட்டு வேண்டும் என்ற பட்டியலும் பக்கத்தில் ஓடும். புதியவருக்கு இது பெரிய வரம். ஹாகிக்கும் விஸ்டீரியாவுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டிலுமே தொங்கும் கிளைகளைப் பார்த்துக் குழம்பும் கண்ணுக்கு லேசில் பிடிபடாது. ஆனால் இந்த உதவிக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒளிரும் சீட்டை மட்டும் தொட்டுப் பழகியவர் நூறு சுற்று ஆடியும் பூக்களைக் கற்காமல் இருந்துவிடலாம். அவர் கையில் காகிதக் கட்டைக் கொடுத்தால் திணறிப்போவார். உதவியைத் தேவைப்படும்போது அணைத்துவைக்க இடம் தரும் செயலிகளே நல்ல ஆசான்கள்.

விதிமுறை விஷயம் இன்னும் சுவையானது. கோய்-கோய்க்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். நிலாவும் சாகே கிண்ணமும் சேர்ந்தால் 5 புள்ளி. செர்ரித் திரையும் கிண்ணமும் சேர்ந்தாலும் 5. இரண்டே சீட்டில் இவ்வளவு எளிதாகப் புள்ளி வருவது நியாயமில்லை என்று பலர் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை. 7 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தால் இரட்டிப்பா, யாருக்கும் கூட்டணி அமையாமல் சுற்று முடிந்தால் சீட்டுப் போட்டவருக்குச் சலுகை உண்டா, கையில் ஒரே மாதத்தின் நான்கு சீட்டும் வந்தால் உடனே 6 புள்ளியா என்பதெல்லாம் உட்காரும் முன்பே பேசித் தீர்க்க வேண்டியவை. குறிப்பிட்ட ஒருவர் கையில் நான்கும் வருவது சராசரியாகச் சுமார் 230 பங்கீட்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆனாலும் அது நடக்கும் அன்றைக்குத்தான் சண்டை வரும். திரையில் இந்தப் பேச்சுவார்த்தை சில பொத்தான்களாகச் சுருங்கிவிட்டது. நிரலர் முன்கூட்டியே வைத்துவிட்ட அமைப்பை யாரும் பெரும்பாலும் மாற்றுவதில்லை என்பதால், அதுவே மெல்ல மெல்லப் பொது விதியாகிக்கொண்டிருக்கிறது.

கணினியே எதிராளியாக உட்காரும்போது அது எப்படி யோசிக்கிறது? சதுரங்கத்தில் பலகை முழுவதும் இருவருக்கும் தெரியும். இங்கே எதிராளியின் கையும் கவிழ்ந்த கட்டும் தெரியாது. தன் எட்டையும் தரையின் எட்டையும் பார்த்துவிட்ட ஆட்டக்காரருக்கு மீதி 32 சீட்டுகள் மறைவு. அவற்றில் எதிராளி கையில் இருக்கக்கூடிய எட்டுச் சீட்டுத் தொகுதிகள் 1 கோடியே 5 லட்சத்துக்கும் மேல். சாதாரண நிரல்கள் இந்தக் கணக்குக்குள் போவதே இல்லை. ஒளிச் சீட்டு கிடைத்தால் எடு, எதிராளிக்கு இரண்டு நீல நாடா சேர்ந்துவிட்டால் மூன்றாவதைத் தடு என்பது போன்ற சில கட்டளைகளோடு ஆடுகின்றன. சற்று வலுவான முறை, மறைந்த சீட்டுகளைத் தோராயமாகப் பல நூறு விதங்களில் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஆடிப் பார்த்து, சராசரியில் அதிகப் புள்ளி தரும் சீட்டை இறக்குவது. மான்டி கார்லோ முறை என்று இதற்குப் பெயர். நிறுத்துவதா, ‘வா, வா’ என்பதா என்ற கேள்விக்கும் இதே வழியில் விடை தேடலாம். தோற்றவர்கள் என்னவோ, இயந்திரம் தங்கள் கையை எட்டிப் பார்த்துவிட்டது என்றே சொல்வார்கள். நேர்மையாக எழுதப்பட்ட நிரலில் எதிராளியின் சீட்டுகளைப் படிக்கும் உரிமை ஆடும் பகுதிக்குத் தரப்படுவதில்லை.

திரையால் கொண்டுவர முடியாதது சீட்டின் உடம்பு. ஹனாஃபுடா சீட்டுகள் தீப்பெட்டி அளவே இருந்தாலும், காகித அடுக்குகளை ஒட்டிச் செய்வதால் தடிமனானவை. மெத்தை விரிப்பின் மேல் ஓங்கி அடித்தால் ‘டப்’பென்று சத்தம் கேட்கும், வெற்றிச் சீட்டை மெதுவாக வைப்பவர் யாரும் இல்லை. செயலிகள் அந்த ஓசையைப் பதிவு செய்து ஒவ்வொரு சீட்டு விழும்போதும் ஒலிக்க விடுகின்றன. கூட்டணி அமைந்தால் திரை முழுக்கப் பெரிய எழுத்தும் இதழ் உதிரும் காட்சியும் வரும்; முதல் பத்துத் தடவை அழகு, பிறகு எல்லாரும் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தேடுகிறார்கள்.

கொரியாவில் கதை வேறு விதமாகப் போனது. ஜப்பானிலிருந்து போன இதே கட்டு அங்கே ஹ்வாட்டு. அதை வைத்து ஆடும் ‘கோ-ஸ்டாப்’ ஆட்டமும் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவையே மையமாகக் கொண்டது; பண்டிகைக்குக் குடும்பம் கூடினால் போர்வை விரித்து ஆடப்படுவது. 1999-இல் தொடங்கிய ஹான்கேம் என்ற இணையதளம் அதை வலைக்குக் கொண்டுவந்தபோது மக்கள் மொய்த்தனர். கொரிய இணைய விளையாட்டுத் தொழிலின் ஆரம்பகால வளர்ச்சியில் அதற்குக் கணிசமான பங்குண்டு. இணையக் காசை உண்மைப் பணமாக மாற்றித் தரும் இடைத்தரகர்களும் கூடவே முளைத்தார்கள். தென்கொரிய அரசு 2014-இல் இத்தகைய விளையாட்டுகளில் ஒருவர் மாதத்துக்கு 3 லட்சம் வொன்னுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று உச்சவரம்பு விதித்தது. அந்த வரம்பு பிற்பாடு படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஜப்பானியத் தொகுப்புகளில் வரும் கோய்-கோய் பெரும்பாலும் வெறும் புள்ளிக்காக ஆடப்படுவது என்பதால் அங்கே இப்படி ஒரு கட்டுப்பாட்டுக்கு வேலை வரவில்லை.