வலிப்பு நோயும் வேளை தவறாத குளிசையும்

 

வில்கமுவப் பிரதேசத்தில் வாழ்வோருக்கு யானைக் காவலைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. வஸ்கமுவ வனத்தின் ஓரத்திலே பயிர் செய்பவர், நெல் விளைந்து நிற்கும் நாட்களில் விடிய விடியப் பரணில் விழித்திருக்கின்றார். அத்தகைய ஓர் இரவு கழிந்த காலையில், வரம்பில் நடந்துவந்த இளைஞர் ஒருவர் வலிப்புக் கண்டு வாய்க்காலில் விழுந்துவிட்டார். பின்னால் வந்தவர் கண்டு தூக்கியதனால், அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். அதற்கு முன் எட்டு மாதங்களாக அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை. காவலுக்குச் செல்லும் அவசரத்தில் இரவுக் குளிசை வீட்டிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. “ஒரு வேளைதானே மௌலவி!” என்றார் அவர் என்னிடம். அந்த ஒரு வேளையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்களில் மின் அலைகள் திடீரெனக் கட்டுமீறி எழுவதனால் உண்டாவது. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்றும், முறையான சிகிச்சை கிடைக்குமாயின் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இப்னு ஸீனா போன்ற நமது பேரறிஞர்கள் இந்நோயை ஆராய்ந்து எழுதினார்கள். ஆயினும் இன்றுள்ள மருந்துகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. பினோபார்பிடோன் இந்நோய்க்குப் பயன்பட்டது 1912இல். பெனிடோயின் வந்தது 1938இல். அன்று அரசர்களுக்கும் கிடைக்காத இந்த நிஃமத் இன்று நமது அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகக் கிடைக்கின்றது.

இம்மருந்துகள் காய்ச்சல் குளிசையைப் போன்றவை அல்ல. காய்ச்சல் வந்தபின் குடிக்கின்றோம், தணிந்ததும் விடுகின்றோம். வலிப்பு மருந்தோ நோய் வராதிருப்பதற்காக இரத்தத்தில் எந்நேரமும் ஓர் அளவு நிற்க வேண்டியது. வயலில் கட்டிய நீரை நினைத்துப் பாருங்கள். நீர் ஒவ்வொரு நாளும் கீழே சுவறுகின்றது. முறைப்படி வாய்க்கால் நீர் வந்து அதை ஈடுசெய்கின்றது. ஒரு முறை தவறினால் நிலம் வெடிக்கத் தொடங்கும். அதற்காக அடுத்த முறையில் இருமடங்கு நீரைத் திறந்துவிட்டால் வரம்புதான் உடையும். உடலும் அவ்வாறே மருந்தைக் கழித்துக்கொண்டே இருக்கின்றது. சோடியம் வல்புரோவேட் போன்றவற்றில் சுமார் அரை நாளிலேயே பாதி குறைந்துவிடும். பினோபார்பிடோனில் பாதி குறைய மூன்று நான்கு நாட்கள் செல்லும். ஆகையினால்தான் சிலருக்கு இரவில் ஒரு வேளையும், சிலருக்கு இரண்டு, மூன்று வேளைகளும் வைத்தியர் எழுதுகின்றார். பக்கத்து வீட்டாரின் குளிசைக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் முறை. அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. அந்த இளைஞருக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தூக்கமின்மை தனியாகவே வலிப்பைத் தூண்டவல்லது. குளிசையும் இல்லை, உறக்கமும் இல்லை என்றால் இரண்டு காவலும் ஒரே இரவில் நீங்கியதாகவே பொருள்.

மறதியைவிடப் பெரிய ஆபத்து “சுகமாகிவிட்டது” என்ற எண்ணம். வலிப்பு வராதிருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்து வேண்டாம் என்பதன் அடையாளம் அல்ல. பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் வலிப்பின்றிக் கழிந்த பின்பே வைத்தியர் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கின்றார்; அப்போதும் சிறிது சிறிதாகவே குறைக்கின்றார். திடீரென நிறுத்தினால், ஒரு வலிப்பு ஓய்வதற்குள் மறு வலிப்பு தொடரும் அபாய நிலை ஏற்படலாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அதுவரை நோயாளியை ஒருக்களித்துக் கிடத்துங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும், வாயில் கரண்டியை வைப்பதாலும் நன்மை ஏதுமில்லை, பல்தான் உடையும்.

இனி, சிலர் மார்க்கத்தின் பெயரால் மருந்தை விடுகின்றார்கள். வலிப்பு நோயால் தாம் விழும்போது ஆடை விலகிவிடுவதாக ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், பொறுமை கொண்டால் சுவர்க்கம் உண்டு என்று நபியவர்கள் கூறியதையும், அவர் பொறுமையையே தெரிவு செய்ததையும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கின்றோம். மருத்துவத்தை விடுவதும் ஆகும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டிய இமாம்களும் உள்ளனர். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் சற்றுச் சிந்தியுங்கள். அப்பெண்மணிக்குச் சுவர்க்கத்தை வாக்களித்தவர் அல்லாஹ்வின் தூதர். நமக்கு அவ்வாறு வாக்களித்தவர் யார்? பொறுமையைத் தெரிவு செய்த பின்பும், ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறு அவர் கேட்டார்; நோயின் தீங்கு நீங்குவதை அவரும் விரும்பினார். மருந்து செய்யுங்கள் என்று நபியவர்களே ஏவியிருப்பதும் அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தெரிவு செய்தது தமக்காக. ஏழு வயதுப் பிள்ளையின் குளிசையை நிறுத்திவிட்டு, “நான் பொறுமை கொள்கின்றேன்” என்று தகப்பன் சொல்வது எவ்வாறு பொறுமையாகும்? விழுவது பிள்ளையல்லவா? ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. குளிசையைக் கொடுத்துவிட்டு ஓதுங்கள்.

நேரத்தைப் பேணுவதற்கு நம்மிடம் மணிக்கூட்டைவிட நல்ல துணை உண்டு. இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதனால் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதிலும் முக்கால் மணித்தியாலம் அளவே முன்பின் ஆகின்றது. இரு வேளை மருந்து உடையவர் காலை 6 மணிக்கு ஒன்றும், மஃரிப் தொழுததும் மற்றதுமாக எடுப்பாராயின் ஏறத்தாழ 12 மணித்தியால இடைவெளி தானாகவே அமைந்துவிடும். பரணுக்குச் செல்வதற்கு முன்பே இரவுக் குளிசையும் முடிந்துவிடும். கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே மருந்து தருவார்கள். கடைசிக் குளிசை முடியும் நாள்வரை இருந்துவிட்டு, மழையில் பஸ்ஸும் இல்லையே என்று கைபிசையாதீர்கள். 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். பாமசியில் வேறு கம்பனியின் குளிசையைத் தந்தால் வைத்தியரிடம் காட்டாமல் மாற்றாதீர்கள். கருவுற நாடும் சகோதரிகள் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுவது அவசியம். வல்புரோவேட் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. அதற்காகத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

ரமழான் வந்தால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, குளிசை விழுங்கினால் நோன்பு முறியுமா என்பது. முறியும். ஆனால் அதற்காகக் குளிசையை விடுவதா என்பதே உண்மையான கேள்வி. நம் நாட்டில் ஸஹர் முடிவிலிருந்து இப்தார் வரை சுமார் 13½ மணித்தியாலங்கள். இரவில் ஒரு வேளை மருந்து உடையவருக்குப் பெரும்பாலும் சிரமம் இல்லை. இரு வேளை உடையவர் ஸஹரிலும் இப்தாரிலும் எடுக்கலாமா என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். மூன்று வேளை உடையவருக்கு மெதுவாகக் கரையும் குளிசையாக மாற்ற இயலுமா என்று பார்ப்பார். இயலாது, அல்லது நோன்பினாலும் உறக்கக் குறைவினாலும் வலிப்பு வரும் என்று அவர் சொன்னால், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு அளித்த சலுகை அவருக்கே உரியது. பிறகு இயலுமானால் கழாச் செய்வார். நீங்காத நோயாயின் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பார். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பகலில் அவர் குளிசை விழுங்குவதைக் காண்பவர்களும் புறம் பேச வேண்டாம். ஆகவே, நோன்பின் முதல் இரவுவரை காத்திராமல், ஷஃபான் மாதக் கிளினிக் நாளிலேயே கொப்பியை எடுத்துச் சென்று இதைக் கேட்டுவிடுங்கள்.